அலைத்தொட்டியும் கரும்பலகையும்

நெல்லை எக்ஸ்பிரஸ் கோவில்பட்டியை விட்டுக் கிளம்பியபோதே நான் முடிவு செய்துவிட்டிருந்தேன். மகளிடம் மட்டும் சொல்லவில்லை. “ரெண்டு இடத்தையும் பாரு பாப்பா. உனக்கு எது தோணுதோ அதுதான்” என்று வீட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தேன். அதை மனதாரச் சொன்னதாகவே அன்று நம்பினேன்.

அது ஜூன் மாதக் கடைசி. அவள் கையில் இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று சென்னை ஐ.ஐ.டி.யில் பி.டெக்.; அவளுடைய ரேங்குக்குக் கப்பல் வடிவமைப்பும் கடல்சார் பொறியியலும் சேர்ந்த பிரிவு வந்திருந்தது. இன்னொன்று சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணித நிறுவனம், எல்லோரும் சி.எம்.ஐ. என்று சொல்வது, அங்கே கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பி.எஸ்சி. ஆனர்ஸ். இரண்டும் ஒரே ஊரில், ஒரே சாலைப் போக்கில். மற்றபடி ஒன்றுக்கொன்று ஒட்டே இல்லை. ஒன்று அறுநூற்றுச் சொச்சம் ஏக்கர் காடு. மற்றது ஐ.டி. பூங்காவுக்குள் சில ஏக்கர். ஒன்றின் பேரைச் சொன்னால் எங்கள் தெருவில் பால் ஊற்றுகிறவருக்கும் தெரியும். மற்றதன் பேரைச் சொன்னபோது அவள் பெரியப்பா போனிலேயே கேட்டார்: “ஐ.ஐ.டி. கெடச்சதுக்கு அப்புறமும் பி.எஸ்சி.யா? யாரு இந்தப் புத்தி சொன்னது?”

சொன்னது நான்தான். பத்தொன்பது வருடமாகப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டின் வர்க்கமூலம் விகிதமுறா எண் என்பதற்குப் புத்தகத்தில் இல்லாத ஒரு நிரூபணத்தை ஒன்பதாம் வகுப்பில் இவள் காகிதத்தை மடித்து மடித்துக் காட்டிய அன்று எனக்கு அடுப்பில் சோறு அடிப்பிடித்தது. சி.எம்.ஐ. நுழைவுத்தேர்வு வெறும் விடை குறிப்பது இல்லை. பாதித் தாளில் நிரூபணம் எழுத வேண்டும். அந்தத் தாளை எழுதிவிட்டு வெளியே வந்தபோது அவள் முகத்தில் இருந்த தெளிவை நான் மறக்கவில்லை. உறவில் எல்லோரும் ஐ.ஐ.டி. பக்கம் நின்றார்கள். நான் ஒருத்தி இவளுடைய கணக்கின் பக்கம் நின்றேன். அப்படித்தான் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் மேல் பெர்த்தில் படுத்து ஜோசா கவுன்சலிங் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐ.ஐ.டி. இடம் வந்தவர்கள் அதில் மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஃப்ரீஸ் என்றால் இதுவே போதும். ஸ்லைடு என்றால் இதே கல்லூரியில் மேலான பிரிவு வந்தால் மாறிக்கொள்கிறேன். ஃப்ளோட் என்றால் நான் மேலே எழுதிய எந்தக் கல்லூரி வந்தாலும் சரி. எதுவும் வேண்டாம் என்றால் விலகிக்கொள்ளலாம். மறுநாள் கழித்து மாலை ஐந்து மணிக்குள் பதில் வேண்டும். கொஞ்ச நேரத்தில் போனை அணைத்துவிட்டுத் தூங்கிவிட்டாள். நான் சாத்தூர், விருதுநகர், மதுரை எல்லாம் விழித்தே கடந்தேன்.

*

தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் கிண்டிக்குப் போனோம். அங்கிருந்து சர்தார் படேல் சாலை. வலது கைப்பக்கம் ஆளுநர் மாளிகை, பாம்புப் பண்ணை, காந்தி மண்டபம் என்று மதில் மதிலாக வரும். எல்லா மதிலுக்கும் பின்னால் இருப்பது ஒரே காடு. எதிர்ச்சாரியில் 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி, அண்ணா பல்கலைக்கழகத்தின் செங்கல் கட்டடமாக நிற்கிறது. ஐ.ஐ.டி. அதற்கு நூற்றறுபத்தைந்து வயது இளையது. மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959-இல் வந்தது. அதனால்தான் உள்ளே போகும் பெரிய சாலைகளில் ஒன்றுக்கு பான் அவென்யூ என்று பெயர்.

என்னிடம் முன்பு படித்த மாணவியின் அக்கா அங்கே ஆராய்ச்சி செய்கிறாள். அனுமதிச் சீட்டு வாங்கி வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். உள்ளே ஓடும் பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் ஊர்ச் சத்தம் நின்றுபோனது. ஆலமரங்கள் விழுது இறக்கி நிற்கின்றன. புள்ளிமான்கள் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் மேய்கின்றன. மணி அடித்ததும் கலையும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி ஒரு கூட்டம் சாலையைக் கடந்தது, ஓட்டுநர் காத்திருந்தார். விடுதிகளுக்கு ஆறுகளின் பெயர்: காவேரி, நர்மதா, கோதாவரி. பெண்கள் விடுதிகளில் ஒன்று ஷராவதி. பெண் பிள்ளைகள் எண்ணிக்கை ரொம்பக் குறைவு என்பதால் 2018 முதல் ஐ.ஐ.டி.களில் அவர்களுக்கென்று கூடுதல் இடங்கள் கொடுத்தார்கள். ‘அப்ப எங்க வகுப்புல பொண்ணுங்க எத்தனை பேரு இருப்போம்?’ என்றுதான் இவள் முதலில் கேட்டாள். அந்த அக்கா பொத்தாம்பொதுவாகப் பதில் சொல்லாமல், தன் துறையில் முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று எண்ணிச் சொன்னாள். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று.

நான் அந்த வளாகத்தை ஒரு சுற்றுலாத் தலத்தைப் பார்ப்பது போலத்தான் பார்த்தேன். கஜேந்திரா சர்க்கிளில் யானைச் சிலைகள், திறந்தவெளி அரங்கு, நூலகம். எல்லாம் நன்றாக இருந்தன. எதுவும் எங்களுக்கு இல்லை என்ற நினைப்போடு பார்ப்பதால் வரும் தாராளம் என்னிடம் இருந்தது.

கடல்சார் பொறியியல் துறையில் ஓர் அலைத்தொட்டியைக் காட்டினாள். தொட்டி என்ற சொல் அதற்குச் சரியாகப் பொருந்தாது. நீளமான வாய்க்கால், பக்கச் சுவர் கண்ணாடி. ஒரு முனையில் பலகை ஒன்று முன்னும் பின்னுமாக அசைந்து அலையை உண்டாக்குகிறது. மறு முனையில் சரிவாகக் கல் பரப்பி ஒரு செயற்கைக் கரை. அந்தக் கரை இல்லாவிட்டால் அலை சுவரில் மோதித் திரும்பி வந்து அடுத்த அலையோடு கலந்து கணக்கையெல்லாம் கெடுத்துவிடும். நடுவில் மெல்லிய கம்பிகள் தண்ணீரின் உயரத்தை அளக்கின்றன. ஓர் இளைஞர் பலகையை ஓடவிட்டார். கண்ணாடிக்குப் பின்னால் அலை உருண்டு வந்தது.

இவள் தரையில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“நூறுல ஒரு பங்கு அளவுக்கு ஒரு துறைமுகத்தச் செஞ்சு உள்ள வச்சா, அலையையும் நூறுல ஒரு பங்காக் குறைப்பீங்களா?” என்று கேட்டாள்.

“உயரத்த, நீளத்த எல்லாம் நூறுல ஒண்ணாக் குறைப்போம். நேரம் மட்டும் பத்துல ஒண்ணு” என்றார் அவர். கடலில் பத்து விநாடிக்கு ஒரு தடவை வரும் அலை இங்கே விநாடிக்கு ஒன்று. நூறின் வர்க்கமூலம் பத்து என்பதால் எனக்கு உடனே விளங்கியது. நியாயமான கணக்கு என்று ரசித்தேன்.

இவள் விடவில்லை. “அப்ப மணல்? மணலையும் நூறுல ஒண்ணாக் குறைக்கணும்ல?”

அவர் சிரிக்கவில்லை. அருகே வந்து அவளுக்குச் சமமாக உட்கார்ந்தார். “அங்கதாம்மா பிரச்சினையே. அந்த அளவுக்குப் பொடிச்சா அது மணலாவே இருக்காது. களிமண் மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், வேற மாதிரி நடந்துக்கும். தண்ணியச் சின்னதாக்கிடலாம். மணலச் சின்னதாக்க முடியாது.”

அதன்பிறகு இருவரும் பேசியதை நான் முழுதாகக் கேட்கவில்லை. மெட்ராஸ் துறைமுகத்தைப் பற்றி ஏதோ சொன்னார். இவள் ஆச்சி ஊர்த் தூண்டில் வளைவைப் பற்றிச் சொன்னாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, பள்ளிக்கரணையில் சின்னம்மா மகள் மதியச் சாப்பாட்டுக்குக் காத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது எழுதும்போது அந்த இருபது நிமிடத்தைத் திரும்பக் கேட்க மாட்டோமா என்று இருக்கிறது.

*

மறுநாள் காலை ஓ.எம்.ஆர். கந்தன்சாவடி, பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர் என்று பேருந்து ஊர்ந்தது. சாலைக்கு நடுவே மெட்ரோ தூண்கள். மாதவரத்தில் தொடங்கும் அந்தத் தடம் சிறுசேரி சிப்காட்டில்தான் முடியப்போகிறது. நாவலூர் தாண்டியதும் கண்ணாடிக் கட்டடங்களுக்கு இடையே வெற்று நிலமும் பனையும் தெரிய ஆரம்பித்தன. சிப்காட் வாசலில் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் ஆயிரம் பேரோடு நாங்களும் இறங்கினோம்.

அத்தனை பெரிய கம்பெனிகளுக்கு நடுவே சி.எம்.ஐ.யைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை. காஞ்சிபுரத்தில் பிறந்து செங்கல்பட்டில் வளர்ந்த சி.எஸ். சேஷாத்ரி, ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் ஒரு பகுதியாக 1989-இல் தொடங்கியது இது. அவர் லயோலா கல்லூரியில் படித்தபோது அங்கே ரசீன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் படித்த இன்னொருவர் எம்.எஸ். நரசிம்மன். இந்த இருவர் பெயரிலும் 1965-இல் வந்த தேற்றம் இன்றும் உலகம் முழுக்கப் பேசப்படுகிறது. சேஷாத்ரி கர்நாடக சங்கீதமும் நன்றாகப் பாடியவர். உயர்ந்த கணிதம் அறிந்தவர்கள் ஆராய்ச்சிக் கூடத்தில் அடைந்துகிடக்காமல், பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நேரே வந்து பாடம் சொல்ல வேண்டும் என்பது அவர் ஆசை. 1998-இல் பி.எஸ்சி. தொடங்கினார்கள். அப்போது பட்டம் கொடுக்கும் உரிமைகூட அவர்களுக்குக் கிடையாது. போபாலில் உள்ள போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் பட்டம். சொந்தமாகப் பட்டம் கொடுக்கும் நிலை 2006-இல்தான் வந்தது. அந்த எட்டு வருடமும் ஒரு காகிதத்தின் பேரை நம்பாமல் ஆசிரியர்களை நம்பிப் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோரை நினைத்தால் எனக்குக் கண் நிறைகிறது. நான் அவர்கள் கூட்டத்தைச் சேர்ந்தவள் என்று நினைத்துக்கொண்டேன்.

அலுவலகத்துக்கு முன்கூட்டியே கடிதம் எழுதியிருந்தேன். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன் ஒருவன், மூன்றாம் ஆண்டு, எங்களை அழைத்துப் போனான். “எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் ஆன்ட்டி. சார் அறைக் கதவு தொறந்தே இருக்கும், போயி கேக்கலாம்” என்றான். நன்றாகப் படிப்பவர்களில் சிலர் பாரிஸில் உள்ள எக்கோல் நொர்மாலுக்குப் போய்ச் சில வாரம் படித்துவிட்டு வருவார்கள் என்றான். அதைச் சொல்லும்போது அவன் குரலில் பெருமையைவிட ஆசைதான் இருந்தது.

ஒரு பலகையில் பாதி அழித்த படம் இருந்தது. நான் நின்றுவிட்டேன். அவன் சாக்பீஸை எடுத்துச் சொன்னான். ஒரு தளத்தில் உள்ள எல்லாப் புள்ளிகளுக்கும் நிறம் தீட்ட வேண்டும். சரியாக ஓர் அலகு தூரத்தில் இருக்கும் எந்த இரண்டு புள்ளிக்கும் ஒரே நிறம் வரக்கூடாது. குறைந்தது எத்தனை நிறம் வேண்டும்?

இரண்டு போதாது, ஒரு சமபக்க முக்கோணம் வரைந்தாலே தெரிந்துவிடும். மூன்று? நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மகள் சாக்பீஸை வாங்கினாள். இரண்டு சமபக்க முக்கோணங்களை ஒட்டவைத்துச் சாய்சதுரம் ஆக்கினாள். மூன்று நிறம்தான் என்றால் அதன் இரண்டு கோடிக்கும் ஒரே நிறம் வந்தாக வேண்டும். அதே சாய்சதுரத்தை ஒரு கோடியில் ஊன்றிக்கொண்டு, மறுகோடி தன் பழைய இடத்திலிருந்து ஓர் அலகு தள்ளிப் போகும் வரை சுழற்றினாள். இரண்டு மறுகோடிகளும் ஊன்றிய புள்ளியின் நிறம்; அவற்றுக்கிடையே ஓர் அலகு தூரம். முடிந்தது. மூன்று போதாது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பையன் கைதட்டினான்.

“நாலும் போதாதுன்னு 2018-லதான் ஒருத்தர் நிரூபிச்சாரு. ஏழு போதும்னு முன்னாடியே தெரியும். அஞ்சா, ஆறா, ஏழான்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது” என்றான்.

யாருக்கும் தெரியாது. எங்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும் கேள்விக்கு உலகத்தில் யாரிடமும் விடை இல்லை. நான் பலகையைவிட்டு நகரவில்லை. அறுகோணங்களாகத் தளத்தைப் பிரித்து ஏழு நிறம் எப்படிப் போதும் என்று அவன் காட்டினான். நான் குறுக்குக் கேள்வி கேட்டேன். அவன் திருத்தினான். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. திரும்பிப் பார்த்தபோது மகள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை இதற்குமுன் பார்த்திராத மாதிரி பார்த்தாள்.

*

வாசலுக்கு வெளியே தள்ளுவண்டியில் டீ குடித்தோம்.

“நீ இங்க சேரும்மா” என்றாள்.

கேலி இல்லை. அத்தனை பிரியமாகச் சொன்னாள். எனக்குப் பேச்சு வரவில்லை. எம்.எஸ்சி. கணிதத்துக்குச் சென்னையில் எனக்கு இடம் கிடைத்ததும், பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்று வீட்டில் நிறுத்தியதும், பிறகு அஞ்சல் வழியில் படித்து முடித்ததும் அவளுக்குத் தெரியும். நான் சொன்னதில்லை, அவள் ஆச்சி சொல்லியிருப்பாள்.

“உனக்குப் பிடிக்கலையா பாப்பா? நீதான அத போட்டுக் காட்டுன?”

“பிடிச்சிருந்துச்சு. ஆனா எனக்கு அது முடிஞ்சதும் முடிஞ்சிருச்சும்மா. அந்த அண்ணனுக்கு முடியல. அஞ்சா ஆறான்னு ராத்திரி பூரா நெனச்சிக்கிட்டுக் கெடப்பாங்க. நான் தூங்கிருவேன்.” டீக் கிளாஸைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். “நேத்து ராத்திரிதான் நான் தூங்கல. அந்த மணலு.”

பிறகு அவளே சொல்லத் தொடங்கினாள். திருச்செந்தூருக்குத் தெற்கே அவள் ஆச்சி ஊரில் கடல் அரிக்கிறது என்று கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு போட்டார்கள். சின்ன வயதில் கோடை விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் இவள் பார்த்திருக்கிறாள். வளைவின் ஒரு பக்கம் மணல் சேர்ந்து பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் திடல் ஆயிற்று. மறுபக்கம் படகு இழுத்துவைக்க இடமில்லாமல் போயிற்று. ஏன் என்று அவள் ஐந்தாம் வகுப்பில் என்னிடம் கேட்டாளாம். ‘அப்பாட்ட கேளு’ என்றேனாம். அப்பா உப்பளக் கணக்கு எழுதுகிறவர், அவருக்கும் தெரியவில்லை. எனக்கு அந்தக் கேள்வி நினைவில் இல்லை. காகிதம் மடித்துக் காட்டிய நிரூபணம் மட்டும் நாள், கிழமையோடு நினைவில் இருக்கிறது.

அவளுக்குள் எனக்குப் பிடித்ததை மட்டும் பொறுக்கி எடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறேன். பிள்ளையின் கணக்கின் பக்கம் நிற்பதாக உறவோடு சண்டை போட்டேனே, அந்தக் கணக்கு பாதி என்னுடையது. சி.எம்.ஐ.யை நான் இன்றும் எங்கள் பள்ளியில் ஒவ்வோர் ஆண்டும் சொல்லுகிறேன். அந்தப் பலகை முன்னால் தூக்கம் கெடும் பிள்ளை எங்கேயாவது இருக்கும், அது பேர் தெரியாமல் வேறெங்கோ போய்விடக் கூடாது. என் மகள் அந்தப் பிள்ளை இல்லை. அவளால் முடியாதது இல்லை. முடியும் என்பதும் அங்கேயே கிடக்கலாம் என்று தோன்றுவதும் வேறு வேறு என்று அவள் பதினேழு வயதில் கண்டுகொண்டாள்.

“அது ஐ.ஐ.டி.ங்கிறதுனால இல்லையே?” என்று கேட்டேன். கேட்டே ஆக வேண்டும் என்று இருந்தது.

“பெரியப்பாட்ட சொல்லும்போது அப்படியே சொல்லிக்கோ. எனக்கு அந்தத் தொட்டிதாம்மா.”

*

எழும்பூரில் ரயிலுக்கு நேரம் இருந்தது. மெரினாவுக்குப் போக வேண்டும் என்றாள். கலங்கரை விளக்கத்தில் இறங்கி, கொஞ்சம் வடக்கே நடந்தோம். நேற்று ஆய்வுக்கூடத்தில் கேட்டதை இப்போது எனக்குச் சொன்னாள். இந்தக் கரையோரம் வருடத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 1870-களில் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் கட்டத் தொடங்கினார்கள். மணல் அந்தச் சுவரில் தடுக்கி நின்று தெற்கே சேர்ந்தது. அதுதான் இந்தக் கரை இத்தனை அகலமானதற்குக் காரணம். வடக்கே ராயபுரம் பக்கத்துக்குப் போக வேண்டிய மணல் போகவில்லை. அங்கே கடல் உள்ளே வந்தது. “ஆச்சி ஊர்ல நடந்ததேதாம்மா. இங்க பெருசா நடந்திருக்கு.”

நான் நாற்பத்தாறு வயது வரைக்கும் மெரினா எப்போதும் இப்படியே இருந்ததாக நினைத்திருந்தேன்.

சாலை ஓரத்திலிருந்து தண்ணீர் வரைக்கும் அவள் காலடி எண்ணிக்கொண்டு நடந்தாள். சுண்டல்காரர்கள், குதிரைக்காரர்கள், பலூன் சுடும் கடைகள் எதற்கும் நிற்கவில்லை. நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். நூறுக்கு ஒரு தடவை அவள் உரக்கச் சொன்னாள், நான் விரல் மடக்கினேன். நான்காவது விரல் மடக்கிக் கொஞ்ச தூரம் போனதும் அலை காலில் பட்டது. குனிந்து ஈர மணலை அள்ளி விரலிடுக்கில் நெரித்துப் பார்த்தாள். ஒட்டுகிறதா என்று பார்க்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. ஒட்டவில்லை, உதிர்ந்தது.

மணி நாலே முக்கால். போனை என் பையிலிருந்து எடுத்தேன். அந்தப் பக்கம் திறந்தேதான் இருந்தது.

“கையெல்லாம் மணலா இருக்கும்மா. நீயே அழுத்து” என்றாள்.

ஃப்ரீஸ் எங்கே இருக்கிறது என்று தேடினேன். வெயில் திரையில் பட்டு எழுத்துத் தெரியவில்லை. அவள் என் பக்கம் வந்து நின்று தன் நிழலைத் திரையில் விழவைத்தாள். நான் அழுத்தினேன்.